கும்பல் வேஷம் வேண்டாம், வாக்குச்சீட்டைக் கொடுங்கள்

கேள்வி: பத்தாம் வகுப்பில் அமெரிக்காவின் லிட்டில் ராக் பள்ளிப் போராட்டத்தை நடத்தப் போகிறேன். பாதிப் பேர் கறுப்பின மாணவர்கள், மீதிப் பேர் அவர்களை மறிக்கும் கும்பல் என நடிக்கவைத்தால் மனதில் பதியும்தானே?
- சமூக அறிவியல் ஆசிரியை ஒருவர்

பதில்: பதியும், எது பதியும் என்பதில்தான் வில்லங்கம். கத்தச் சொன்னால் பிள்ளைகளுக்குக் குஷி. ஐந்தாவது நிமிடம் வகுப்பே சிரிக்கும், நடுவில் நிற்கிற பிள்ளையைத் தவிர. 'நீ அங்கே இருந்திருந்தால்?' என்றும் கேட்காதீர்கள். நாற்பது பேரும் நொடியில் உத்தமர்களாகிவிடுவார்கள்!

1957 செப்டம்பர் 4-ஐ எடுங்கள். வெள்ளையர் மட்டுமே படித்த பள்ளியில் சேர ஒன்பது கறுப்பின மாணவர்கள் வந்த நாள் அது. வீட்டில் தொலைபேசி இல்லாததால், எல்லோரும் சேர்ந்து போகலாம் என்ற தகவல் அவர்களில் ஒருவரான எலிசபெத் எக்ஃபோர்டுக்கு எட்டவில்லை. 15 வயதில் தனியாக வந்தார். இரு இனத்தவரும் சேர்ந்து படிப்பதை எதிர்த்த மாநில ஆளுநர் ஃபாபஸ் நிறுத்தியிருந்த படையினர் விடவில்லை. முதுகுக்குப் பின்னால் கும்பல் கத்திக்கொண்டு வரும் அந்தப் புகைப்படத்தைக் கொடுத்து, ஐந்து நிமிடம் பேசாமல் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு முகத்துக்கும் மூன்று கேள்வி: இவருக்கு அப்போது என்ன தெரியும்? என்ன செய்ய முடியும்? செய்தால் எதை இழப்பார்?

அதிபர் ஐசன்ஹோவர் அனுப்பிய ராணுவத்தோடு ஒன்பது பேரும் உள்ளே போனதும் பலர் பாடத்தை முடித்துவிடுகிறார்கள். அங்கே முடித்தால் குடிமக்களுக்கு வேலையே இல்லை. அடுத்த ஆண்டுதான் முக்கியம். 1958-ல் ஃபாபஸ் நகரின் உயர்நிலைப் பள்ளிகளையே மூடினார். (பூட்டு வகுப்புக்குத்தான், ஃபுட்பால் ஆட்டங்கள் நடந்தன.) செப்டம்பர் 27-ல் வாக்கெடுப்பு. சீட்டில் இருந்தது, நகரின் 'எல்லாப் பள்ளிகளிலும்' இரு இனத்தவரும் சேர்ந்து படிக்க ஆதரவா, எதிர்ப்பா என்பது மட்டுமே. அதைக் கரும்பலகையில் எழுதுங்கள். ஒரே பள்ளியில் ஒன்பது பேர் சேர்ந்ததற்கு ஏன் இந்தக் கேள்வி என்று பிள்ளைகளே பிடித்துவிடுவார்கள். முடிவை அதற்குப் பிறகு சொல்லுங்கள், முன்னால் சொன்னால் சீட்டை யாரும் படிக்கமாட்டார்கள்: எதிர்ப்பு 19,470, ஆதரவு 7,561. ஆண்டு முழுக்கப் பள்ளிகள் திறக்கவில்லை.

பள்ளிகளைத் திறக்கச் சொல்லி வெள்ளையினப் பெண்கள் ஒரு குழு அமைத்தார்கள். உறுப்பினர் பட்டியல் ரகசியம். 1959 மே மாதம் 44 ஆசிரியர், ஊழியர்களை நீக்கப் பார்த்த பள்ளி வாரிய உறுப்பினர் மூவரை, அதே மாதம் 25-ம் தேதி வாக்காளர்களே வெளியேற்றினார்கள். அதில் இந்தக் குழுவின் உழைப்பு பெரிது. ஆனால், வெள்ளையர் மத்தியில் எடுபட வேண்டுமென்று கறுப்பினப் பெண்களை அவர்கள் சேர்க்கவில்லை. சரியா, தவறா? உங்கள் வகுப்பு உண்மையில் சண்டை போடப்போவது இதில்தான். ஒரு முழு பீரியடை இதற்கே ஒதுக்கிவிடுங்கள்.