நொட்டாங்கை – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மதுரை புத்தகத் திருவிழாவில் உங்களிடம் கையெழுத்து வாங்கியவர்களில் நானும் ஒருத்தி. நீங்கள் பேனாவை இடது கையில் எடுத்தீர்கள், மூடியைத் திறந்தீர்கள், ஒரு நொடி நின்றீர்கள். பிறகு வலது கைக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டீர்கள். புத்தகத்தைத் திருப்பித் தரும்போதும் அதே போல ஒரு கை மாற்றம். வரிசை நீளமாக இருந்ததால் கேட்க முடியவில்லை.

ஊரில் உள்ளவர்களைப் பற்றியெல்லாம் எழுதுகிறீர்கள், உங்களைப் பற்றி எதுவும் தெரிவதில்லை. உங்களுக்கென்று உள்ள விசித்திரமான பழக்கங்கள் என்ன? எதைக் கண்டால் எரிச்சல் வரும்? வாசகர்களுக்குத் தெரியாத ஏதாவது ஒன்றைச் சொல்ல முடியுமா?

நான் கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் மகள் யு.கே.ஜி. படிக்கிறாள். எல்லாவற்றுக்கும் இடது கைதான். 'வலது கையில் எழுதப் பழக்கவும்' என்று பள்ளி டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அத்தையும் இப்போதே மாற்றிவிட வேண்டும் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் எடுத்துவிட்டேன்.)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்காக ஒரு தாளில் என் பழக்கங்களை எழுதிப் பார்த்தேன். வார இதழைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் புரட்டுவேன். கடிகாரத்தை வலது மணிக்கட்டில் கட்டுவேன். பெஞ்சில் யாரோடு உட்கார்ந்தாலும் இடது ஓரம் வேண்டும், இல்லாவிட்டால் நின்றுகொள்வேன். அடுத்தவர் வீட்டில் கத்தரிக்கோல் கேட்க மாட்டேன். கடையில் பணம் கொடுக்கும் முன் ஒரு கணம் தயங்குவேன். எழுதி முடித்த பிறகுதான் கவனித்தேன், இவை ஐந்தும் ஒரே பழக்கம். நீங்கள் அன்று வரிசையில் நின்று பார்த்தது அதைத்தான். நான் பிறவியில் இடது கைக்காரன். என் நண்பர்களில் பலருக்கே இது தெரியாது, ஏனென்றால் நான் எழுதுவதும் சாப்பிடுவதும் வலது கையால்.

எரிச்சல் என்று கேட்டால், பேருந்தில் போனை ஸ்பீக்கரில் வைத்துப் பேசுகிறவர்கள், வரிசையில் முதுகில் ஒட்டி நிற்கிறவர்கள் என்று எல்லோருக்கும் உள்ளது எனக்கும் உண்டு. ஆனால் அறுபது வயதை நெருங்கும் இந்த நாளிலும் கேட்ட உடனே உடம்பு விறைத்துப்போகிற சொல் ஒன்று இருக்கிறது: 'நொட்டாங்கை'. 'பீச்சாங்கையால கொடுக்காத தம்பி' என்று கடைக்காரர் சொல்லும்போது அவர் கோபத்தில் சொல்வதில்லை என்று எனக்குத் தெரியும். முதல் போணி, லட்சுமி என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. இருந்தாலும் காது சுட்டுவிடும். நம் பேச்சில் வலது கைக்குச் சோற்றாங்கை என்று பெயர். இடது கைக்கு அது கழுவும் வேலையை வைத்துப் பெயர் கொடுத்துவிட்டோம். பழைய தமிழில் வலம் என்றால் வெற்றி, வலிமை என்றெல்லாம் பொருள். இடக்குப் பண்ணாதே, இடக்குமடக்காகப் பேசாதே என்கிறோம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் அர்த்தமாகப் புரியாது, ஆனால் தொனி புரிந்துவிடும். எனக்குப் புரிந்தது.

1970களின் நடுவில் ஒன்றாம் வகுப்பு. எந்தப் பள்ளி, எந்த ஆசிரியர் என்பது வேண்டாம். அவரும் நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தார். சிலேட்டுக் குச்சியை இடது கையில் எடுத்தால் அடிமட்டத்தை நிமிர்த்திப் பிடித்து விரல் முட்டியில் ஒரு போடு. பிறகு இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்காரச் சொன்னார். வீட்டில் அப்பத்தா தன் பழைய சேலையிலிருந்து ஒரு கிழிசல் எடுத்து, அந்தக் கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டுச் சோறு போடுவாள். கட்டும்போது அவள் கண் கலங்கும், அதையும் சொல்ல வேண்டும். 'நாளைக்கு நாலு பேரு பந்தியில உன்னைய எந்திரிக்கச் சொல்லிருவாங்கய்யா' என்பாள். அவள் பயம் உண்மையானது. அந்தக் காலத்துப் பந்தியில் அப்படி நடக்கக்கூடியதுதான்.

ஒரு வருடத்தில் மாறிவிட்டேன். மாறிவிட்டேன் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் என் வலது கை எழுத்து இன்றைக்கும் எனக்கு அந்நியமாகத்தான் தெரிகிறது. வேகம் வரவே இல்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரலாற்றுத் தாளின் கடைசிக் கேள்விக்கு விடை முழுவதும் தெரியும். மணி அடித்தபோது நான் அதற்கு முந்தைய கேள்வியின் பாதியில் இருந்தேன். மதிப்பெண் போனது ஒரு வருத்தம். தெரிந்தும் எழுத முடியவில்லையே என்பது அதைவிடப் பெரிய வருத்தம்.

இதே கைக்கு மாலையில் வேறு மரியாதை. தெருக் கிரிக்கெட்டில் இடது கையால் பந்து போடுகிறவனை இரண்டு அணியும் கேட்கும். பந்து வேறு கோணத்தில் வரும், அடிக்கிறவனுக்குப் பிடிபடாது. காலையில் அடி வாங்கிய அதே விரல்கள்தான். டெண்டுல்கர் வலது கையால் மட்டை பிடித்து இடது கையால் கையெழுத்துப் போடுகிறவர் என்று பின்னால் தெரிந்துகொண்டபோது எனக்கு வந்த ஆறுதலை எப்படிச் சொல்வது. கங்குலி நேர்மாறு. மற்றதெல்லாம் வலது கை, மட்டை மட்டும் இடது. ஆளுக்கு ஆள் இப்படி விதவிதமாக இருப்பதுதான் இயல்பு. உலகத்தில் ஏறக்குறைய பத்துப் பேருக்கு ஒருவர் இடது கைக்காரர். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் நாலு பேர் இருக்க வேண்டும். என் வகுப்பில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை என்றே நினைத்திருந்தேன். மற்ற மூவரும் என்னைப் போலவே கையின் மேல் உட்கார்ந்திருந்தார்களோ என்று இப்போது தோன்றுகிறது.

வாசகர்களுக்குத் தெரியாத ஒன்று கேட்டீர்கள். சொல்கிறேன், இதுவரை எங்கும் எழுதாதது. கல்லூரி விடுதியில் ஒரு விடுமுறை நாளில் அறையில் யாரும் இல்லை. சும்மா இடது கையில் பென்சிலை எடுத்தேன். பதிமூன்று வருடங்களுக்குப் பிறகு அந்தக் கையால் எழுதுகிறேன். எழுத்துகள் வலமிருந்து இடமாக, கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பி வந்தன. யோசிக்காமல், தங்குதடை இல்லாமல் வந்தன. 'ட' திரும்பிக்கொண்டது, 'க' திரும்பிக்கொண்டது, 'ப' மட்டும் அப்படியே இருந்தது. பயந்துபோய்க் கதவைத் தாழிட்டேன். லியோனார்டோ டா வின்சி தன் குறிப்பேடுகளை இப்படித்தான் எழுதினார், அவரும் இடது கைக்காரர் என்று அப்புறம் படித்தேன். இடமிருந்து வலமாக எழுதும்போது இடது கை ஈர மையின் மேலேயே நகர வேண்டியிருக்கிறது. திருப்பி எழுதினால் கை முன்னே போய்விடும், மை கலையாது. என் கதைகளின் முதல் குறிப்புகள் எல்லாமே அன்று முதல் இந்த எழுத்தில்தான் இருக்கின்றன. என் மனைவி மட்டும் அந்த நோட்டுகளை பீரோக் கண்ணாடி முன்னால் பிடித்து வாசித்திருக்கிறாள்.

இனி உங்கள் மகள்.

கை என்பது பழக்கத்தில் வருவதாக நாம் நினைக்கிறோம். அது பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஹெப்பரும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு வேலை செய்தார்கள். வயிற்றில் இருக்கும்போதே ஸ்கேனில் கட்டைவிரல் சப்பிய 75 குழந்தைகளை, அவர்கள் 10 முதல் 12 வயது ஆனபோது மறுபடி பார்த்தார்கள். வலது விரல் சப்பிய 60 பேரும் வலது கைக்காரர்களாக இருந்தார்கள். இடது விரல் சப்பிய 15 பேரில் 10 பேர் இடது கைக்காரர்கள். டைரியில் எழுதுகிற ஆசிரியைக்கு இதைச் சொல்லுங்கள். பிள்ளை பிடிவாதம் பிடிக்கவில்லை, யாரையும் பார்த்துப் பழகவும் இல்லை. உங்கள் வயிற்றுக்குள் இருந்தபோதே அவள் கையை முடிவு செய்திருக்கக்கூடும்.

அத்தைக்கு ஸ்கேன் கதை எடுபடாமல் போகலாம். அவர்களிடம் மீனாட்சி கோயில் வெள்ளியம்பலத்தைப் பற்றிப் பேசுங்கள். தில்லையில் நடராஜர் தூக்கியிருப்பது இடது பாதம். மதுரையில் வலது பாதம். திருவிளையாடல் புராணம் அதற்குக் காரணம் சொல்கிறது. ராஜசேகர பாண்டியன் பரதம் கற்றுக்கொண்டபோதுதான் ஆடுவது எவ்வளவு வலி என்று அவனுக்குத் தெரிந்தது. ஒரே காலில் நின்று ஆடும் இறைவனுக்கு எப்படி வலிக்கும் என்று உருகி, கால் மாற்றி ஆடும்படி வேண்டினான். இறைவன் மாற்றினார். சின்ன வயதில் அப்பத்தா என்னை அந்தச் சந்நிதிக்கு எத்தனையோ முறை அழைத்துப் போயிருக்கிறாள். வலியை அறிந்து இரங்கியவனின் கதை அது. யாரையும் கட்டிவைத்து மாற்றிய கதை இல்லை. அவள் இருந்திருந்தால் இதை நான் அவளிடம் சொல்லியிருப்பேன், கேட்டும் இருப்பாள்.

சங்கையும் சொல்லுங்கள். சாதாரணமாகக் கிடைப்பது இடம்புரி. வலம்புரி அரிது, அதனால் அதைப் பூசையில் வைத்துக் கும்பிடுகிறோம். சங்கில் அரிதாக இருப்பதைத் தேடிப் போகிற நாம், கையில் அரிதாக இருப்பதை மட்டும் ஏன் திருத்தப் பார்க்கிறோம்?

அப்புறம் பழனி சுப்பிரமணிய பிள்ளை. 1908இல் பிறந்த மிருதங்க மேதை, இடது கைக்காரர். கச்சேரி மேடையில் மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வழக்கமாக வலது கை வாசிக்கும் முகம், சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பது வழக்கம். அதற்காக மிருதங்கக்காரர் பாடகருக்கு வலப்பக்கம் உட்காருவார், வயலின் இடப்பக்கம். இவருக்கு வலந்தலை இடது கையில். அதனால் இவர் இடப்பக்கம் போக வேண்டும், வயலின்காரர் இடம் மாற வேண்டும். எல்லோரும் மாறச் சம்மதிக்கவில்லை, அவ்வளவு பெரிய கலைஞருக்கே அதனால் வாய்ப்புகள் தவறின. பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் அவரைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் செய்தார். இந்தச் செய்தியை முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மேடையில் ஒருவர் நாலடி நகர்ந்து உட்காருவதுதான் தேவைப்பட்டது, அவ்வளவே. உங்கள் மகளுக்கும் அந்த ஆசிரியை செய்ய வேண்டியது ஏறக்குறைய அதுதான். பெஞ்சின் இடது ஓரத்தில் அவளை உட்கார வையுங்கள் என்று கேளுங்கள், பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு இடிக்காது.

மற்றது வீட்டில் நீங்கள் செய்ய முடிந்தவை. தாளை நேராக வைக்காமல், அதன் மேல்முனை வலது பக்கம் சாயும்படி திருப்பி வையுங்கள். பென்சிலை முனையிலிருந்து கொஞ்சம் மேலே பிடிக்கச் சொல்லுங்கள், எழுதுவது அவள் கண்ணுக்குத் தெரியும். இல்லாவிட்டால் எழுதியதைப் பார்ப்பதற்காக மணிக்கட்டை வளைத்துப் பழகி, பிறகு கை வலிக்கும். ஷூ கயிறு கட்டுவதுபோல எதையாவது கற்றுத் தரும்போது பக்கத்தில் உட்காராமல் எதிரே உட்காருங்கள், அவள் கண்ணாடியில் பார்ப்பது போலப் பார்த்துச் செய்துவிடுவாள். இடது கைக்கென்று கத்தரிக்கோல் விற்கிறார்கள், ஒன்று வாங்கிக் கொடுங்கள். சாதாரணக் கத்தரிக்கோலை வலது கை அழுத்தும்போது அலகுகள் நெருங்கும், இடது கை அழுத்தினால் விலகும். காகிதம் வெட்டுப்படாமல் மடங்கிக்கொள்ளும். அதை வைத்துக்கொண்டு பிள்ளைக்குக் கைவேலை வரவில்லை என்று சொல்லிவிடுவார்கள், எனக்குச் சொன்னார்கள். சில நாள் எழுத்தைத் திருப்பிப் போட்டால் பதற வேண்டாம், வலது கைப் பிள்ளைகளும் அந்த வயதில் அப்படி எழுதுவதுண்டு.

சாப்பாட்டு விஷயத்தில் நான் உங்களுக்கு எதுவும் சொல்லப் போவதில்லை. நான் வலது கையில்தான் சாப்பிடுகிறேன், அதில் எனக்குக் குறையும் இல்லை. அத்தையோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அவர்களுக்கு அது பெரிதென்றால் அதை விட்டுக்கொடுத்து எழுத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். ஆனால் கையைக் கட்டுவது, அடிப்பது, எல்லோர் முன்னாலும் கேலி செய்வது, இந்த மூன்றும் எதற்காகவும் வேண்டாம். பேனா பிடிக்கும் கையை மாற்ற ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். டைரியில் அந்தக் குறிப்புக்குக் கீழேயே, 'அவள் இடது கையால் எழுதட்டும். இது எங்கள் முடிவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். எனக்காக யாராவது அப்படி ஒரு வரி எழுதியிருக்கலாம் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

உங்கள் மகள் இடது கையால் அவள் பெயரை எழுதிய தாள் ஒன்றை எனக்கு அனுப்பி வையுங்கள். நான் என் இடது கையால் பதில் எழுதுகிறேன். அவளைக் கண்ணாடி முன்னால் நிற்க வைத்துக் காட்டுங்கள், படித்துவிடுவாள்.

அன்புடன்.