கிளிப் போட்ட பையன் ரக்பி ஆடலாமா?

தங்கச்சி, கோத்தகிரியிலிருந்து நீங்கள் கேட்டிருந்ததை நேற்று இரவு படித்தேன். நர்ஸ் வேலைக்கு நியூசிலாந்து போகிறீர்கள், ஜனவரி கடைசியில் பயணம், 13 வயது மகனுக்குக் கோவையில் ஆகஸ்ட் மாதம்தான் பல்லுக்குக் கிளிப் போட்டிருக்கிறது. அங்கே பள்ளிக்கூடத்தில் பையன்கள், பந்தைக் கையில் ஏந்தி ஓடி, முட்டி மோதி ஆடும் ரக்பி ஆடுவார்களாமே, கிளிப் கழற்றும் வரை விளையாட்டுப் பக்கமே போகாதே என்று சொல்லிவிடவா என்று கேட்டிருந்தீர்கள்.

தயவுசெய்து அப்படிச் சொல்லிவிடாதீர்கள். நான் குன்னூர்க்காரி. இங்கே மலை ரயிலில் அடுத்த ஸ்டேஷன் வெலிங்டன், நியூசிலாந்தில் நான் 8 வருடமாக இருக்கும் ஊரும் வெலிங்டன். என் மகனை 12 வயதில் அங்கே கூட்டிப்போனேன். முதல் இரண்டு மாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பான். அவர்கள் பேசுகிற இங்கிலீஷ் அவனுக்குப் பிடிபடவில்லை, இவன் பேசுவது அவர்களுக்குப் புரியவில்லை. ஒருநாள் யாரோ ஒரு பையன் பந்தை இவன் கையில் போட்டான். அன்றைக்குத்தான் வீட்டுக்கு வந்து ஒரு நண்பனின் பெயரைச் சொன்னான். கிளிப் வைத்தியம் சாதாரணமாக ஒன்றரை, இரண்டு வருடம் போகும். புது ஊரில் முதல் இரண்டு வருடத்தை ஒரு பிள்ளை வேலி ஓரமாக நின்று கழிக்கக் கூடாது.

அதே சமயம், எதையும் போடாமல் ஆட விடவும் கூடாது. கிளிப் என்பது ஒவ்வொரு பல்லின் மேலும் ஒட்டிய சின்ன இரும்புக் கொக்கிதானே, பிராக்கெட் என்பார்கள். சாதாரணமாக வாயில் ஒரு முழங்கை பட்டால் உதடு வீங்கும், இரண்டு நாளில் சரியாகும். கிளிப் இருக்கும் வாயில் பட்டால் உதட்டின் உள்சதை அந்தப் பிராக்கெட்டில் குத்தி மாட்டிக்கொள்ளும். என் மகனுக்கு அது நடந்தது. மேட்சில் கூட இல்லை, மதிய இடைவேளையில், கீழே தள்ளாமல் கையால் தொட்டு நிறுத்தும் டச் ரக்பியில். தள்ளுமுள்ளு இல்லாத ஆட்டம்தானே என்று, பல்லுக்குக் கவசமாக வாயில் மாட்டும் மவுத்கார்டு பையிலேயே கிடந்தது. இன்னொரு பையன் திரும்பும்போது முழங்கை பட்டு, கீழ் உதட்டுக்குள் இரண்டு தையல். அதனால் அடி படும் வாய்ப்புள்ள எந்த ஆட்டத்துக்கும், பயிற்சிக்கும், மைதானத்தில் சும்மா பந்து உதைக்கும்போதும் மவுத்கார்டு வாயில் இருக்கட்டும். ரக்பி மட்டும் என்று நினைக்காதீர்கள், ஹாக்கியும் பாஸ்கெட்பாலும் அப்படித்தான்.

இனி எந்த மவுத்கார்டு என்பது. இதில்தான் நான் தவறு செய்தேன், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அங்கே விளையாட்டுச் சாமான் கடைகளில் அதிகம் தொங்குவது, சுடுதண்ணீரில் போட்டு இளக்கிப் பல்லில் கடித்து அச்சு எடுக்கும் வகை. கடையில் இருந்தவர் இதுவே போதும் என்று கொடுத்தார், நானும் வீட்டில் தண்ணீர் கொதிக்க வைத்துக் கடிக்கச் சொன்னேன். இளகிய பிளாஸ்டிக் பிராக்கெட்டுகளின் இடுக்கில் எல்லாம் புகுந்து, ஆறியதும் இறுகிவிட்டது. இழுத்து எடுத்தபோது இரண்டு பிராக்கெட் கையோடு வந்தது. கிளிப் போட்ட பல்லுக்கு அந்த வகை ஏன் ஆகாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கிளிப்பின் வேலையே பல்லை நகர்த்துவது. இன்றைக்கு எடுத்த அச்சு இரண்டு மாதம் கழித்துப் பொருந்தாது. பல் ஒரு பக்கம் நகர வேண்டும், இறுகிய அச்சு அதைப் பழைய இடத்திலேயே பிடித்து வைக்கும்.

அட்டையில் கிளிப் போட்டவர்களுக்கானது என்று தெளிவாக எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். அது மெத்தென்ற சிலிக்கானில் செய்தது, பிராக்கெட்டுகள் உட்கார உள்ளே ஒரு வாய்க்கால் போல இடம் விட்டிருப்பார்கள். கொதிக்க வைக்க வேண்டியதில்லை, அப்படியே போடலாம். பல் நகர்ந்தாலும் அதுவும் இடம் கொடுக்கும். பல் டாக்டரிடம் அச்சு எடுத்துச் செய்துகொள்வதும் உண்டு. பிராக்கெட் இருக்கும் இடத்தை அச்சில் மூடிவிட்டு, இடைவெளியோடு செய்து தருவார்கள். அது நன்றாகவே பொருந்தும், ஆனால் விலை கூட, பல் நகர நகர மறுபடியும் செய்ய வேண்டி வரும். உங்கள் மகனுக்குக் கிளிப் போட்டு அரை வருடம் கூட ஆகவில்லை, பல் நன்றாக நகரும் காலம் இது. நானாக இருந்தால் இப்போதைக்குச் சிலிக்கான் வகையைத்தான் வாங்குவேன். மேல் வரிசைக்கு மட்டும் போடுவதுதான் வழக்கம். கீழேயும் கிளிப் இருந்தால் இரண்டு வரிசையையும் மூடும் வகை இருக்கிறது. ரப்பர் பேண்ட் மாட்டச் சொல்லியிருந்தால், விளையாடும் நேரத்தில் கழற்றலாமா என்று டாக்டரைக் கேட்டுவிடுங்கள்.

முதலில் போட்டால் குமட்டும், பேச வராது, எச்சில் ஊறும். வீட்டில் படிக்கும்போது தினம் கால் மணி நேரம் போட்டுப் பழகினால் ஒரு வாரத்தில் சரியாகும். கழுவுவது பச்சைத்தண்ணீரில், காற்றுப் போகிற டப்பாவில் வைக்க வேண்டும், வெயிலில் நிற்கும் காரில் விடக் கூடாது. கிழிந்தால் அன்றே மாற்றுங்கள்.

அங்கே இதை யாரும் கேலி செய்ய மாட்டார்கள் என்பதையும் மகனிடம் சொல்லுங்கள். 1998 முதல் நியூசிலாந்து ரக்பியில் எல்லா மட்டத்திலும் மவுத்கார்டு கட்டாயம், எல்லாப் பையன்களின் வாயிலும் அது இருக்கும். 1995-க்கும் 2003-க்கும் இடையில் ரக்பியால் வந்த பல் காயங்களுக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகள் 43 சதவீதம் குறைந்ததாக ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒன்று, அது பல்லுக்கும் உதட்டுக்கும்தான் காவல். தலையில் அடிபட்டால் அதை நம்ப வேண்டாம், உடனே மைதானத்தை விட்டு வெளியே வரவேண்டும். பையன் ஒல்லி என்று எழுதியிருந்தீர்கள். சில பகுதிகளில் எடை வரம்பு வைத்த அணிகள் உண்டு, பள்ளியில் கேட்டுச் சேருங்கள்.

அடி பட்டுவிட்டால் என்ன செய்வது என்பது உங்களுக்கு, நர்ஸுக்கு, பாதி தெரிந்திருக்கும். பல் ஆடுகிறது, கம்பி மட்டும் பிடித்திருக்கிறது என்றால் இழுக்க வேண்டாம், அப்படியே டாக்டரிடம் போங்கள். முழுதாக விழுந்தது நிலைப்பல் என்றால் வேரைத் தொடாமல் மேல்பாகத்தைப் பிடித்து, அழுக்கு இருந்தால் பாலில் லேசாக அலசி, அதே குழியில் வைத்துத் துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். வைக்க முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போட்டு அரை மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் சேருங்கள். கம்பி பிதுங்கிக் குத்தினால் கிளிப்புக்கென்றே விற்கும் மெழுகை வைத்து மூடிவிட்டு மறுநாள் காட்டலாம்.

செலவு விஷயம். தகுதியுள்ள பிள்ளைகளுக்கு அங்கே 18 வயது வரை சாதாரணப் பல் வைத்தியம் இலவசம், ஆனால் கிளிப் அதில் வராது. விபத்துக் காயங்களுக்கு ஏசிசி என்ற அரசுக் காப்பீடு 1974-லிருந்து இருக்கிறது, யார் தவறு என்று பார்க்காமல் உதவும். பல்லில் அடிபட்டால் பல் டாக்டரே அதற்கான விண்ணப்பத்தை அனுப்பிவிடுவார்.

அப்புறம், மிக முக்கியமானது, புறப்படும் முன் கோவைக்கு ஒரு நடை போய் வாருங்கள். எக்ஸ்ரே, பல் போட்டோக்கள், அச்சு, வைத்தியத் திட்டம், எந்த வகைப் பிராக்கெட், கடைசியாக மாட்டிய கம்பி எது, இவ்வளவையும் எழுத்தில் வாங்குங்கள். இவை இல்லாமல் போனால் அங்கே புது டாக்டர் எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுப்பார், செலவு உங்கள் தலையில். கிளிப் மெழுகும் நாலு டப்பா வாங்கிக்கொள்ளுங்கள். ரக்பி சீசன் குளிர்காலத்தில்தான், ஏப்ரல் வாக்கில் சூடு பிடிக்கும். பிப்ரவரி, மார்ச்சில் டாக்டரைத் தேடிக்கொள்ள நேரம் இருக்கிறது.

ஜனவரி 18 வரை நான் குன்னூர் பெட்ஃபோர்டில்தான் இருப்பேன். கோவையில் வாங்கிய காகிதங்களை எடுத்துக்கொண்டு ஒருநாள் வாருங்கள், எதுவும் விட்டுப்போயிருக்கிறதா என்று சேர்ந்து பார்ப்போம். பையனையும் கூட்டிவாருங்கள். என் மகனும் லீவுக்கு வந்திருக்கிறான், ஒரு பந்தும் கொண்டுவந்திருக்கிறான்.