உங்கள் அம்மா ஏன் எழுந்து போகிறார்?

கேள்வி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. முன்கோபி. தங்கையை அடிக்கிறான், கையில் கிடைத்ததைத் தூக்கி எறிகிறான். நடிப்புப் பயிற்சி கொடுத்தால் உணர்ச்சிகளைக் கையாளப் பழகுவான் என்று நண்பர் சொன்னதால் சனிக்கிழமை நாடக வகுப்பில் சேர்த்தேன். அங்கே கோபப்படு, அழு, கத்து என்றுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். போன மாதம் பெற்றோரை அழைத்துச் சில காட்சிகள் நடித்துக் காட்டினார்கள். என் மகனுக்கு அப்பா வேடம். உள்ளே வந்து பைக் சாவியை மேசைமேல் போட்டான். டிவி பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எழுந்து போனார்கள், பாட்டியாக நடித்த பெண்ணும் போய்விட்டாள். வசனமே இல்லை. எல்லோரும் சிரித்தார்கள், நன்றாகத்தான் நடித்தான். ஆனால் இப்படிப்பட்ட வகுப்பு கோபத்தைக் குறைக்குமா, கூட்டுமா? நிறுத்திவிடலாமா?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: நிறுத்த வேண்டாம்.

உங்கள் கடிதம் இதைவிட நீளம். கட்டணம், ஆசிரியரின் தகுதி, பையனின் மார்க் என்று எல்லாவற்றையும் விவரமாக எழுதியிருக்கிறீர்கள். சாவிக்கு மட்டும் நாலே வரி. ‘நன்றாகத்தான் நடித்தான்’ என்று அதற்குச் சான்றிதழ் வேறு. எனக்கு அந்த நாலு வரி போதும்.

இந்த மாதிரி வகுப்புகளில் பெரும்பாலும் வசனம் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். ‘ஒருவர் வீட்டுக்குள் வருகிறார். அவர் யார் என்று பேசாமல் காட்டு’ என்பார்கள். பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்ததிலிருந்துதான் எடுப்பார்கள். வேறொரு பையன் பையைத் திறந்து பக்கோடாப் பொட்டலத்தை எடுத்திருப்பான், இன்னொருத்தி தங்கையைத் தோளில் தூக்கியிருப்பாள். உங்கள் மகனுக்கு அப்பா என்றால் சாவி. சத்தம் கேட்டதும் யார் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மற்றப் பிள்ளைகளுக்கு அவன்தான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அவர்களுக்கு உங்கள் வீட்டைத் தெரியாதே.

அதிலும் பாட்டி எழுந்து போகிறார். பிள்ளைகள் அப்பாவைக் கண்டதும் புத்தகத்தைத் தேடி ஓடுவது எல்லா வீட்டிலும் நடப்பது, அதை விட்டுவிடலாம். உங்களைப் பெற்றவர் ஏன் ஓட வேண்டும்? வெளியிலிருந்து வந்த மகனை ‘சாப்பிட்டியாப்பா’ என்று கேட்கும் வயதில், டிவியை அணைத்துவிட்டு உள்ளே போகிறார் என்றால் அந்தக் கூடத்தில் நீங்கள் என்னவாக இருக்கிறீர்கள்? எல்லோரும் சிரித்தார்கள் என்கிறீர்கள். அவர்களுக்கு அது வேடிக்கை. நீங்கள் சிரித்தீர்களா என்று எழுதவில்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு உணர்ச்சிகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நான்கு நான்கு காரணம் தருகிறார். அச்சத்துக்கு அவர் சொல்வது அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (தமக்குத் தலைவர்). இறை என்பதில் தந்தையும் அடக்கம் என்று உரை சொன்னவர்கள் உண்டு. அதைப் படித்துவிட்டு, அப்பனுக்குப் பயப்படுவது நம் மரபுதான் என்று நிமிர்ந்து உட்காராதீர்கள். பக்கத்து இருக்கைகளில் யார் யார் என்று ஒரு தடவை பாருங்கள்.

அப்பா பிள்ளைக்குத் தோழனாக இருக்க வேண்டும் என்ற இந்தக் காலத்துப் பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. அப்பா அப்பாவாகத்தான் இருக்க வேண்டும். தப்பு செய்தால் கண்டிக்க வேண்டும், கேட்டதையெல்லாம் வாங்கித் தரக் கூடாது. ஆனால் வீட்டுக்குப் பெரியவன் உள்ளே வந்தால் வீடு ஒன்றுகூட வேண்டும். கலைகிறது என்றால் அவன் கடமையில் எங்கோ கோட்டை விட்டிருக்கிறான்.

இப்போது உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். கோபத்தை நடிப்பதும் கோபப்படுவதும் ஒன்றல்ல. வகுப்பில் கோபப்படச் சொல்லும் ஆசிரியர் கை தட்டியதும் நிறுத்தவும் சொல்வார். இதே கோபத்தை பத்தில் மூன்று அளவுக்குக் காட்டு, இப்போது ஏழு, மறுபடி இரண்டுக்கு வா என்பார். உடம்பில் முதலில் எங்கே தெரிந்தது, தாடையிலா கையிலா என்று கேட்பார். ஆன் ஆஃப் மட்டுமே தெரிந்த பையனுக்குத் தன்னிடம் ஒரு ரெகுலேட்டர் இருப்பது அப்போதுதான் தெரியவரும். எதிரே நிற்பவன் செய்வதை அப்படியே திருப்பிச் செய்யும் கண்ணாடி விளையாட்டிலும் விஷயம் இருக்கிறது. அடுத்தவன் முகத்தை இரண்டு நிமிடம் கவனமாகப் பார்க்காமல் அதை ஆட முடியாது. தங்கையை அடிக்கிற பையனுக்கு வேண்டியது அதுதான்.

ஆனால் வகுப்புக்கு ஓர் எல்லை உண்டு. பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் (1931-2009) உருவாக்கிய ஒரு முறையில், ஒருவருக்கு அநியாயம் நடக்கும் காட்சியை முதலில் முழுதாக நடித்துக் காட்டுவார்கள். அப்புறம் மறுபடி நடிக்கும்போது பார்வையாளர்களில் யார் வேண்டுமானாலும் ‘நிறுத்து’ என்று சொல்லி மேடையேறி, அந்த இடத்தில் தான் என்ன செய்திருப்பேன் என்று நடித்துக் காட்டலாம். இதில் ஒரு நிபந்தனை. அடி வாங்குபவனின் இடத்துக்குத்தான் வரலாம். அடிப்பவனின் இடத்துக்கு வந்து அவனைத் திடீரென்று நல்லவனாக்கிவிட்டால் அது மந்திரவித்தை, செல்லாது. நிஜத்தில் அப்படி நடக்காதே! உங்கள் வீட்டுக் காட்சியை நூறு தடவை திருப்பி நடித்தாலும் அந்த வகுப்பு உங்கள் மகனுக்குச் சொல்லித் தரக்கூடியது, சாவிச் சத்தம் கேட்டால் எப்படி நிற்பது, எப்படி வாய்திறந்து பேசுவது என்பதை மட்டும்தான். சாவி போடுகிறவரை மாற்ற ஆசிரியர் கட்டணம் வாங்கவில்லை. பையனைப் பழுதுபார்க்க அனுப்பிவிட்டு, அவன் எதைப் பார்த்துப் பழகினானோ அதை வீட்டில் அப்படியே வைத்துக்கொண்டால் எப்படி?

வகுப்பை நிறுத்த ஒரே ஒரு காரணம்தான் இருக்கும். பிள்ளையை அழவைப்பதற்காக, செத்துப்போன தாத்தாவை நினைத்துக்கொள், அடி வாங்கிய நாளை நினைத்துக்கொள் என்று ஆசிரியர் கிளறுகிறாரா என்று விசாரியுங்கள். சொந்த நினைவிலிருந்து உணர்ச்சியை எடுக்கும் பயிற்சியைப் பெரிதாகப் பேசிய ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியே (1863-1938), பிற்காலத்தில் செயலிலிருந்து தொடங்கும் முறைக்குத்தான் அழுத்தம் கொடுத்தார். பன்னிரண்டு வயதில் அந்தக் கிளறல் வேண்டாம். இன்னொன்று. பையன் தங்கைக்குக் காயம் வருமளவு அடிக்கிறான், தன்னையே அடித்துக்கொள்கிறான் என்றால் நாடக வகுப்பை நம்பிக்கொண்டு இருக்காதீர்கள், மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

மற்றபடி வரும் சனிக்கிழமை நீங்களே வகுப்புக்குப் போங்கள். அதே காட்சியை இடம் மாற்றி நடிக்க முடியுமா என்று ஆசிரியரைக் கேளுங்கள். மகன் அப்பாவாகட்டும், நீங்கள் மகனாக டிவிக்கு முன்னால் தரையில் உட்காருங்கள். உளநாடகம் என்ற சிகிச்சை முறையை உருவாக்கிய மொரேனோ காலத்திலிருந்து நடக்கிற பயிற்சிதான், புதிதல்ல. ஒரு எச்சரிக்கை: பையன் அப்பாவாக நடிக்கும்போது ‘நான் எங்கே இப்படிப் பண்ணுகிறேன்’ என்று இடையில் திருத்தக் கூடாது. வீட்டுக்கு வந்த பிறகு அதைச் சொல்லி அவனைக் குத்திக் காட்டவும் கூடாது. குத்திக்காட்டினால் அத்தோடு அவன் வாய் மூடிவிடும்.

அன்றைக்கு உங்கள் மனைவியையும் கூட்டிப் போங்கள். இவ்வளவு நீளக் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. சாவி விழுந்ததும் பிள்ளைகள் போனார்கள், பாட்டி போனார். அம்மா வேடத்தில் யார் இருந்தார்கள், அவர் என்ன செய்தார்? அல்லது அந்தக் காட்சியில் அம்மாவே கிடையாதா? மகனிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். மீதியை அப்புறம் பேசுவோம்.