ஒரு சிறு நிறுவனம் சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் மார்க்கெட்டிங் செய்ய என்ன வழி?

‘பசுமை நிறுவனம் என்று பெயர் வாங்க என்னென்ன விளம்பர உத்திகள் இருக்கின்றன’ என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, உங்கள் பொருள் போகிற பெட்டியைக் கையில் எடுங்கள். நான் பல வருடமாக அட்டைப்பெட்டியும் லேபிளும் டிசைன் செய்து பிழைக்கிறவன். எனக்குப் பெட்டியிலிருந்துதான் யோசிக்க வரும்.

ஒருமுறை ஒரு சோப்புத் தயாரிப்பாளர் சாம்பிள் பெட்டி ஒன்றோடு வந்தார். பழுப்பு நிறம், சொரசொரப்பான தோற்றம், மூலையில் ஒரு பச்சை இலை. “இதே லுக் வேணும் சார், பார்த்தாலே இயற்கைன்னு தெரியணும்” என்றார். பெட்டியின் ஓரத்தை நகத்தால் சுரண்டினேன். உள்ளே பளீரென்று வெள்ளை. வெளுத்த அட்டை முழுக்கப் பழுப்பு மை அடித்து, மேலே மேட் லேமினேஷன் போட்டிருந்தார்கள். லேமினேஷன் என்பது காகிதத்தோடு ஒட்டிய பிளாஸ்டிக் படலம். கிழித்துப் பார்த்தால் காகிதம் கிழிந்துவிடும், படலம் மட்டும் ஜவ்வு மாதிரி இழுபடும். வெளுக்காத க்ராஃப்ட் அட்டை எடுத்திருந்தால் அந்தப் பழுப்பு சும்மாவே கிடைத்திருக்கும். இயற்கையாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே மையும் பிளாஸ்டிக்கும் கூடுதலாகச் செலவாகியிருந்தன!

இன்னொன்றும் கண்ணில் பட்டது. சோப்பை உள்ளே வைத்தால் சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி. கடை அலமாரியில் பெரிதாகத் தெரிவதற்காக விட்ட காற்று அது. பெட்டியை சோப்பின் அளவுக்குக் குறுக்கினோம், லேமினேஷனை எடுத்துவிட்டு வாட்டர் பேஸ் வார்னிஷோடு நிறுத்தினோம். முன்பு அனுப்பிய அதே பெரிய அட்டைப்பெட்டியில் கூடுதலாக இரண்டு வரிசை பிடித்தது. இவ்வளவும் முடிந்த பிறகுதான் பெட்டியில் என்ன எழுதுவது என்ற பேச்சே எழுந்தது.

நிறையப் பேர் சறுக்குவது இந்த எழுதுகிற இடத்தில்தான். இல்லாத பசுமையை இருப்பதாகக் காட்டிக்கொள்வதைக் குறிக்கும் ‘கிரீன்வாஷிங்’ என்ற சொல் பிறந்ததே ஒரு ஓட்டல் அறை அட்டையிலிருந்து. ‘சுற்றுச்சூழலைக் காக்க உங்கள் துண்டை மறுபடி பயன்படுத்துங்கள்’ என்று ஓட்டல்கள் அட்டை வைப்பதையும், மற்ற விஷயங்களில் அதே அக்கறையைக் காட்டாததையும் கண்ட ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கர் 1986இல் எழுதிய கட்டுரையில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். சலவைச் செலவு மிச்சமாவது ஓட்டலுக்கு, புண்ணியம் மட்டும் பூமியின் பெயரில்.

வேடிக்கை என்னவென்றால், அதே துண்டு அட்டையை வைத்துத்தான் மார்க்கெட்டிங் ஆட்கள் படிக்க வேண்டிய இன்னொரு பாடமும் வந்தது. உளவியலாளர் ராபர்ட் சியால்டினி உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு அது. ‘சுற்றுச்சூழலைக் காக்க உதவுங்கள்’ என்ற வழக்கமான அட்டை வைத்த அறைகளில் சுமார் 35 சதவீதம் பேர் துண்டை மறுபடி பயன்படுத்தினார்கள். ‘இங்கே தங்குகிறவர்களில் பெரும்பாலோர் மறுபடி பயன்படுத்துகிறார்கள்’ என்று மாற்றி எழுதியதும் அது 44 சதவீதமானது. பூமி, எதிர்காலம், தலைமுறை என்று பேசுவதைவிட ‘உங்களைப் போன்றவர்கள் இதைச் செய்கிறார்கள்’ என்பது வேலை செய்கிறது. காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து ரீஃபில் வாங்கும் திட்டம் உங்களிடம் இருந்தால், போன மாதம் எத்தனை பாட்டில் திரும்பி வந்தது என்று எழுதி ஒட்டுங்கள். எண்ணிக்கை நிஜமாக இருக்க வேண்டும், சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை.

‘ஈக்கோ ஃப்ரெண்ட்லி’, ‘நேச்சுரல்’, ‘கிரீன்’ போன்ற சொற்களை நான் இப்போது டிசைனில் போடுவதே இல்லை. எதையும் சொல்லாத சொற்கள் அவை. உண்மையைச் சொல்லி ஏமாற்றுவதும் உண்டு. ஸ்ப்ரே டப்பாவில் ‘சிஎஃப்சி இல்லை’ என்று போடுவார்கள். ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வாயு அது. 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு சிஎஃப்சியை உலகமே கைவிட்டாயிற்று, பக்கத்து டப்பாவிலும் அது இல்லை. ‘மக்கும் பிளாஸ்டிக்’ இன்னொரு ரகம். தாவர மாவுச்சத்திலிருந்து செய்யும் பிஎல்ஏ போன்றவை மக்க வேண்டுமானால் ஏறக்குறைய 60 டிகிரி வெப்பத்தில் இயங்கும் உரத் தொழிற்சாலைக்குப் போக வேண்டும். தோட்டத்து மண்ணிலோ கடலிலோ கிடந்தால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். ‘மக்கும்’ என்று எழுதினால் எங்கே போட்டால் மக்கும் என்பதையும் அதே வரியில் எழுதுங்கள். பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் இருக்கும் முக்கோணத்தையும் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அதற்குள் இருக்கும் 1 முதல் 7 வரையிலான எண் எந்த வகைப் பிளாஸ்டிக் என்று மட்டும்தான் சொல்லும், மறுசுழற்சி ஆகும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. ‘மறுசுழற்சி செய்யலாம்’ என்பதற்கு அடையாளமாக அதையே பெரிதாக்கி முன்பக்கம் போடச் சொல்லி என்னிடம் கேட்டவர்கள் உண்டு.

சட்டமும் இறுகிக்கொண்டு வருகிறது. அமெரிக்காவில் 1992 முதலே இதற்கென வழிகாட்டி விதிகள் இருக்கின்றன, இந்தியாவிலும் 2024 அக்டோபரில் வந்துவிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய விதிகளின்படி 2026 செப்டம்பர் 27 முதல், தகுந்த ஆதாரம் இல்லாமல் பொருளைப் பொத்தாம்பொதுவாக ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று விளம்பரம் செய்ய முடியாது. வெளியிட்ட கார்பனுக்கு ஈடாக வேறெங்கோ மரம் நட்டுக் கணக்கை நேர் செய்துவிட்டு ‘கார்பன் நியூட்ரல் பொருள்’ என்று போடவும் முடியாது. சொந்தமாக வரைந்த இலை முத்திரைக்கும் ஆபத்துதான். முத்திரை வேண்டுமென்றால் வெளியார் சோதித்துத் தருவதை வாங்குங்கள், ஜெர்மனியின் புளூ ஏஞ்சல் 1978 முதல் இருக்கிறது. பெரிய நிறுவனங்களே தப்பவில்லை. ஃபோக்ஸ்வாகன் ‘கிளீன் டீசல்’ என்று கூவி விற்றது. சோதனையில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருள் சுமார் 1.1 கோடி கார்களில் இருந்தது 2015இல் வெளியே வந்தது. முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது?

அப்புறம் இலவசப் பொருட்கள். கண்காட்சிகளில் ‘ஈக்கோ கிஃப்ட்’ என்று லோகோ போட்ட துணிப்பை தருவார்கள். என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் பதினொன்று தொங்குகின்றன, இரண்டைத்தான் பயன்படுத்துகிறேன். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட கணக்குப்படி, ஒரே முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதலுக்குக் குறைவாகக் காரணமாக வேண்டுமானால், ஒரு பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்த வேண்டும். மீதி ஒன்பது பையை நினைத்துப் பாருங்கள். ஒன்றும் கொடுக்காமல் இருப்பதுதான் மலிவான பசுமை உத்தி, ஆனால் அதை எந்த மேனேஜரும் ஒத்துக்கொள்வதில்லை.

டிஜிட்டலுக்கு மாறினால் போதுமா என்றால், ஓரளவுக்குத்தான். காகிதம் மிச்சம், சரி. ஆனால் வீடியோவும் மின்னஞ்சலும் மின்சாரம் தின்பவைதான். திறந்ததும் தானாக ஓடுகிற வீடியோவை நிறுத்துங்கள், ஒரு வருடமாக யாரும் திறக்காத மின்னஞ்சல் முகவரிகளைப் பட்டியலிலிருந்து தூக்குங்கள்.

பெரிய உதாரணம் ஒன்று வேண்டுமென்றால், பேட்டகோனியா என்ற அமெரிக்க ஆடை நிறுவனம் 2011 நவம்பர் 25 அன்று ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் தந்த ‘இந்த ஜாக்கெட்டை வாங்காதீர்கள்’ என்ற முழுப்பக்க விளம்பரத்தைப் பாருங்கள். தலைப்பைத்தான் எல்லோரும் சிலாகிக்கிறார்கள். எனக்குப் பிடித்தது கீழே இருந்த சிறிய எழுத்து. அந்த ஜாக்கெட்டைச் செய்ய 135 லிட்டர் தண்ணீர் செலவானது, அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் கழிவு உண்டானது என்று தங்கள் சரக்கின் குறையைத் தாங்களே எண்ணில் எழுதியிருந்தார்கள். கிழிந்தால் தைத்துத் தரும் ஏற்பாடும் அவர்களிடம் இருந்தது. அது இல்லாமல் தலைப்பை மட்டும் காப்பி அடித்தால் கேலிக்கூத்தாகிவிடும்.

சோப்புக்காரர் கதைக்கு வருகிறேன். இலையை எடுத்துவிட்டு மூடியின் உட்புறம் ஒரே ஒரு வரி போட்டோம்: ‘இந்தப் பெட்டியில் பிளாஸ்டிக் படலம் இல்லை, கிழித்துப் பாருங்கள்.’ கொஞ்சம் பேர் நிஜமாகவே கிழித்துப் படம் எடுத்து அனுப்பினார்கள். ஒரு வாடிக்கையாளர் மட்டும், “பெட்டி சரி, கூரியர் பார்சலில் ஒட்டியிருக்கிற டேப் பிளாஸ்டிக்தானே?” என்று கேட்டிருந்தார். அதை எனக்கு அனுப்பி, என்ன பதில் போடலாம் என்று கேட்டார் சோப்புக்காரர். ஆமாம் என்று போடச் சொன்னேன். இப்போது பேப்பர் டேப் சாம்பிள் மூன்று என் மேஜையில் கிடக்கிறது. ஈரத்தில் பிரியாமல் ஒட்டுவது எது என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.