பைக் கடந்து போன பிறகு எரியும் பிளைண்ட் ஸ்பாட் விளக்கு: பழுதா, இயல்பா?

கோவை வாசகர் ஒருவர் கேட்கிறார்: “பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கை வசதி உள்ள எஸ்.யு.வி. வைத்திருக்கிறேன். அவிநாசி சாலையில் இடப்பக்கம் பைக் ஒட்டி வரும்போது சைடு மிரரில் உள்ள விளக்கு பல நேரம் எரிவதில்லை. பைக் என்னைக் கடக்கும்போதுதான் எரிகிறது. வலப்பக்கம் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. ஆனால் சென்டர் மீடியனின் இரும்புத் தடுப்பை ஒட்டிப் போகும்போது யாருமே இல்லாமல் விளக்கு எரிகிறது. சென்சார் கெட்டுவிட்டதா? அப்பாவின் பழைய காருக்கு வெளியில் விற்கும் கிட் வாங்கிப் பொருத்தலாமா?” பின் பம்பரின் இடது மூலை உரசியதால் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்ததையும் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார்.

கடைசியில் சொன்ன அந்தச் செய்திதான் முக்கியமானது. அதற்கு முன், மிரரில் தெரியாத மறைபகுதியில் (பிளைண்ட் ஸ்பாட்) வண்டி இருந்தால் விளக்கெரித்து எச்சரிக்கும் இந்தக் கருவி எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காமல் விடுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இத்தகைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் பின் பம்பரின் இரு மூலைகளிலும், பிளாஸ்டிக் உறைக்கு உள்ளே, ஆளுக்கொரு சிறிய ரேடார் இருக்கும். பழைய வகை 24 கிகாஹெர்ட்ஸிலும் புதிய வகை 77 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையிலும் வேலை செய்கின்றன. அனுப்பிய அலை பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்திலிருந்து தூரத்தையும், திரும்பிய அலையின் அதிர்வெண் மாறியிருக்கும் அளவிலிருந்து நமக்கும் அந்த வண்டிக்கும் உள்ள வேக வித்தியாசத்தையும் ரேடார் கணக்கிடுகிறது. இவ்வகைக் கருவிகளுக்காக சர்வதேசத் தரநிர்ணய அமைப்பான ஐ.எஸ்.ஓ. 2008-இல் வெளியிட்ட 17387 என்ற தரநிலை, ஓட்டுநரின் தோள் அருகிலிருந்து பின் பம்பருக்கு 3 மீட்டர் பின்னால் வரையும், காரின் பக்கவாட்டிலிருந்து அரை மீட்டர் தள்ளித் தொடங்கி 3 மீட்டர் வரையும் உள்ள செவ்வகத்தைக் கண்காணிக்க வேண்டிய பகுதியாக வரையறுக்கிறது. அதாவது, காரின் கதவை உரசுவதுபோல அரை மீட்டருக்குள் நுழைந்து வரும் பைக்கைக் கண்டுபிடித்தே தீர வேண்டும் என்று அந்தத் தரநிலை கேட்கவில்லை. பல ரேடார்கள் அங்கும் பார்க்கின்றன என்றாலும், நம் ஊர்ச் சாலைகளில் பைக்குகள் பெரும்பாலும் புகுந்து வருவது அந்த இடத்தில்தான் என்பதால் இதை அறிந்துவைத்திருப்பது அவசியம்.

தடுப்புச் சுவர், விளக்குக் கம்பம், நின்றிருக்கும் வண்டி ஆகியவற்றுக்கெல்லாம் விளக்கு எரிந்தால் யாரும் அதை மதிக்க மாட்டார்கள் என்பதால், நிலையாக இருப்பவற்றை மென்பொருள் கழித்துவிடுகிறது. இரும்புத் தடுப்பு இந்தக் கழித்தலைச் சில நேரம் குழப்புகிறது. பளபளப்பான உலோகப் பரப்பில் அலை தெறித்து, வேறொரு வண்டியின் எதிரொலி தடுப்பின் பக்கத்திலிருந்து வருவதுபோலத் தோன்றலாம். ஆகவே நீங்கள் மீடியன் ஓரம் காண்பது பழுது அல்ல.

இடப்பக்கத்துப் பைக் விஷயம் வேறு. பைக்கும் அதில் இருப்பவரும் சேர்ந்து திருப்பி அனுப்பும் அலை, கார் திருப்பி அனுப்புவதைவிட மிகவும் குறைவு. அமெரிக்காவின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2014-இல் செய்த சோதனையில், இக்கருவிகள் மோட்டார் சைக்கிளைக் காரைவிடச் சராசரியாக 26 சதவீதம் தாமதமாகவே கண்டுகொண்டன. அதோடு வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். நீங்கள் மணிக்கு 50 கிலோமீட்டரிலும் பைக் 80 கிலோமீட்டரிலும் போனால் வித்தியாசம் 30 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 8 மீட்டருக்குச் சற்று மேல். பம்பருக்கு 3 மீட்டர் பின்னால் உள்ள எல்லைக்குள் பைக் நுழைந்து உங்கள் கதவுக்குப் பக்கத்தில் வந்து சேர முக்கால் நொடி கூட ஆகாது. விளக்கு அந்த முக்கால் நொடிக்குள் எரிந்து, நீங்கள் அதைக் கவனித்து, ஸ்டீயரிங்கைத் திருப்பாமல் நிறுத்தியாக வேண்டும். வேகமாக நெருங்கும் வண்டியைப் பல பத்து மீட்டர் தொலைவிலேயே கணித்து எச்சரிக்கும் கூடுதல் வசதி சில மாடல்களில் உண்டு. உங்கள் மாடலில் அது இருக்கிறதா என்பதை ஓனர்ஸ் மேனுவலில் பாருங்கள். எந்த வேகத்துக்கு மேல் கருவி விழித்துக்கொள்கிறது என்பதும் அதில் இருக்கும். பல வண்டிகளில் மணிக்கு 20 அல்லது 30 கிலோமீட்டருக்குக் கீழ் அது வேலை செய்வதே இல்லை. சிக்னல் நெரிசலில் ஊர்ந்து போகும்போது விளக்கு எரியாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இவை இரு பக்கத்துக்கும் பொதுவான குறைகள். உங்களுக்கோ இடப்பக்கம் மட்டும் மோசமாக இருக்கிறது. அதனால்தான் அந்தப் பட்டியை நான் சந்தேகிக்கிறேன். 77 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். பம்பர் பிளாஸ்டிக்கின் தடிமனும் அதன் மேல் உள்ள பெயிண்டும் அந்த அலை ஊடுருவிச் செல்வதற்கேற்பத் தொழிற்சாலையில் முடிவு செய்யப்படுகின்றன. அதன் மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பட்டியும், அலுமினியத் துகள் கலந்த மெட்டாலிக் பெயிண்ட் இரண்டு கோட்டும் ஏறினால், அலையில் ஒரு பகுதி உள்ளேயே மடங்கிவிடும். வெளியே போவதும் கோணம் மாறிப் போகும். உரசலின்போது ரேடாரைத் தாங்கும் பிராக்கெட் 3 டிகிரி திரும்பியிருந்தாலும், 50 மீட்டர் தொலைவில் அது இரண்டரை மீட்டருக்கு மேல் விலகிய பார்வையாகிவிடும். வேறு லேனில் போகும் வண்டியை உங்கள் பக்கத்து லேனில் இருப்பதாக எண்ணவும், பக்கத்தில் இருப்பதைத் தவறவிடவும் அது போதும்.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டி “எரர் கோட் எதுவும் இல்லை” என்று சொன்னால் அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். ரேடார் உயிரோடு இருக்கிறது என்பதற்கு மட்டுமே அது சான்று. பம்பரைக் கழற்றி பிராக்கெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ரேடார் அலைன்மென்டை, அதாவது அது பார்க்கும் கோணத்தை, சரிபார்க்கச் சொல்லுங்கள். மூலையில் பட்டி இருந்தால் புதிய பம்பர் உறை போடுவதே முறை. செலவு அதிகம்தான். ஆனால் இந்தக் குறைக்கு விலை கொடுக்கப்போவது காருக்குள் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவர் அல்லர், பைக்கில் வருபவர் என்பதால் தயங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பின்னால் பம்பரைக் காக்கும் இரும்புக் கம்பி (கிராஷ் கார்டு) மாட்டியிருந்தால் அதையும் கழற்றுங்கள். கார்களின் கிராஷ் கார்டுகள் மீது நடவடிக்கை எடுக்குமாறு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. மூலைகளில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம்; மழைக்காலத்தில் சேறு படிந்தால் துடைத்துவிடுங்கள்.

இவ்வளவு குறை சொன்னாலும் கருவியை அணைத்து வைக்காதீர்கள். அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான ஐ.ஐ.எச்.எஸ். 2017-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த வசதி உள்ள கார்கள் லேன் மாறும்போது விபத்தில் சிக்கும் விகிதம் 14 சதவீதம் குறைவாக இருந்தது. பயன் உண்மையானது, மீதமுள்ள பெரும்பகுதியை ஓட்டுநர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. எரியாவிட்டால், கருவி எதையும் சொல்லவில்லை என்று மட்டுமே கொள்ளுங்கள், வழி காலியாக இருக்கிறது என்று கொள்ளாதீர்கள். இண்டிகேட்டர் போட்டால்தான் பல வண்டிகளில் விளக்கு மின்னவும் பீப் ஒலிக்கவும் செய்யும் என்பதால், இண்டிகேட்டர் போடாமல் லேன் மாறுபவருக்கு இந்தக் கருவியில் பாதிப் பயன் போய்விடுகிறது.

மிரரைச் சரியாக வைத்தால் மறைபகுதியே பெரிதும் சுருங்கிவிடும். ஜார்ஜ் பிளாட்ஸர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1995-இல் விளக்கிய முறை இது. தலையை வலப்பக்க ஜன்னல் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டு, உங்கள் காரின் பக்கவாட்டு மெல்லிய கோடுபோலத் தெரியும்வரை வலது மிரரை வெளிப்பக்கம் திருப்புங்கள். பிறகு காரின் நடுப்பகுதிக்குச் சாய்ந்து, இடது மிரரையும் அப்படியே வையுங்கள். பின்னால் வரும் வண்டி உள் மிரரிலிருந்து மறையும்போது சைடு மிரரில் தோன்றும்; அதிலிருந்து மறையும் முன் கடைக்கண்ணில் தெரிந்துவிடும். நிமிர்ந்து உட்காரும்போது சொந்தக் கார் மிரரில் தெரியாது என்பது முதலில் தடுமாற்றமாக இருக்கும். ஒட்டி வரும் பைக்குகள் மிகுந்த நகரச் சாலையில், இடது மிரரில் மட்டும் காரின் ஓரம் இலேசாகத் தெரியுமாறு வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

அப்பாவின் காருக்கான கிட் பற்றி: மலிவான கிட்களில் பல, பார்க்கிங் சென்சாரைப் போன்ற அல்ட்ராசோனிக் வகை. சில மீட்டரே எட்டும் அவை, வேகமான காற்றிலும் தடுமாறும். வாங்குவதானால் ரேடார் வகையையே வாங்குங்கள். இரும்பு பம்பர் உள்ள பழைய கார் என்றால் அதற்குப் பின்னால் பொருத்தி எந்தப் பயனும் இல்லை. என்னைக் கேட்டால், முதலில் இரண்டு சைடு மிரர்களின் வெளி மூலையிலும் ஒட்டக்கூடிய சிறிய குவி கண்ணாடியை வாங்கி ஒட்டி, மேலே சொன்ன முறையில் மிரர்களை அப்பாவின் உயரத்துக்கேற்ப அவரையே உட்காரவைத்துச் சரிசெய்து கொடுங்கள். அந்தச் சிறிய கண்ணாடியில் பைக் உண்மையில் இருப்பதைவிடத் தொலைவில் தெரியும் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.