மகன் ஓபரா டெனர் ஆக விரும்பினால்: பிரான்சில் வாழும் பெற்றோருக்கு

பக்கலோரியா என்ற பள்ளி இறுதித் தேர்வு முடித்த கையோடு, பாட்டாலேயே நடத்தும் நாடகமான ஓபராவில் பாடப் போகிறேன் என்று மகன் நிற்கிறான், விடுவதா தடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். தடுக்காதீர்கள். ஆனால் முப்பது வயதுவரை வருமானம் நிலையாக இருக்காது என்ற கணக்கோடு இறங்குங்கள். பதினெட்டில் ஒரு குரல் டெனரா (உயர்ந்த ஆண் குரல்) பாரிட்டோனா (அதைவிடத் தாழ்ந்த ஆண் குரல்) என்றே சில சமயம் தெரியாது. இருபதுகளின் பிற்பகுதியில்தான் அது முதிர்கிறது.

முதலில் வட்டாரக் கொன்சர்வத்துவாரில், அதாவது அரசு இசைப் பள்ளியில், சேரட்டும். பல ஊர்களில் குடும்ப வருமானத்தைப் பார்த்தே கட்டணம் போடுகிறார்கள். அடுத்தது பாரிஸ் அல்லது லியோன் தேசிய உயர் கொன்சர்வத்துவாரின் நுழைவுத் தேர்வு. இடங்கள் மிகக் குறைவு. கிடைத்தால் லிசான்ஸ் (இளநிலைப் பட்டம்) 3 ஆண்டு, மாஸ்டர் (முதுநிலைப் பட்டம்) 2 ஆண்டு. கூடவே இத்தாலியமும் ஜெர்மனும் படிக்கட்டும்; தன் பாட்டைத் தானே பயிலும் அளவுக்குப் பியானோவும் வேண்டும்.

குரல் கெடும் இடம் ஒன்று உண்டு, அதை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். தோ, ரே, மி, ஃபா, சோல், லா, சி என்ற மேற்கத்திய ஏழு சுரங்களில், பியானோவின் நடு 'தோ'வுக்கு மேலே வரும் ஃபா, சோல் பக்கம் டெனரின் குரல் தன்மை மாறும். அங்கே பேச்சுக் குரல்போல் கனமான நெஞ்சுக்குரலையே பலம் கொடுத்து மேலே தள்ளினால் நாக்கின் அடி இறுகும், சுருதி இறங்கும், நீட்டிப் பிடிக்கும் சுரம் ஆடும். விடாமல் செய்தால் குரல்நாணில் முடிச்சு விழலாம். பிரெஞ்சுப் பாணி நெஞ்சுக்குரலையும் மெல்லிய தலைக்குரலையும் கலந்து பாடச் சொல்கிறது. பிரெஞ்சு இசையமைப்பாளர் பிசே 1863-இல் எழுதிய 'முத்துக் குளிப்பவர்கள்' என்ற ஓபரா இலங்கையில் நடக்கும் கதை. அதில் நாதிர் என்ற டெனர் பாத்திரம் பாடும் பாட்டு மேல் 'சி' வரை சத்தம் கூட்டாமல் ஏறும். அதை முணுமுணுப்புபோல மென்மையாகப் பாட முடிகிறதா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். அதே பிசேயின் 'கார்மென்' நாயகன் தோன் ஜோசேயின் பாட்டெல்லாம் முப்பது வயதுக்குப் பிறகு போதும்.

டெனர் பாடகர் அலேன் வான்சோ 1954-இல் கான் (Cannes) நகரில் நடந்த பாட்டுப் போட்டியில் வென்று பாரிஸ் ஓபராவுக்குள் வந்தும் சின்னப் பாத்திரங்களில்தான் தொடங்கினார். 'ரிகொலெத்தோ' ஓபராவில் பிரபு என்ற பெரிய வேடம் 1956-இல் கிடைத்தது. 1985-இலும் அதே மேடையில் பாடினார். அந்தப் பொறுமையைத்தான் எந்தப் பரிசையும்விட நான் மதிக்கிறேன். ஆசிரியர் சரியில்லை என்றால் மாற்றவும் தயங்க வேண்டாம்: பிரெஞ்சு டெனர் ஜார்ஜ் தில் பாரிஸில் படித்த பிறகும் இத்தாலியின் நேப்பிள்ஸ் போய் தெ லூச்சியா என்ற டெனரிடம் பயின்று, 1924-இல்தான் பாரிஸ் ஓபராவில் அரங்கேறினார்.

பணம்: பெரிய பாத்திரங்களுக்குப் பெரும்பாலும் ஒரு நாள் நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார்கள். தொண்டை கட்டினால் அந்த நிகழ்ச்சியின் பணம் போகலாம். 12 மாதத்தில் 507 மணி நேரம் வேலை காட்டினால் கலைஞர்களுக்கான வேலையின்மை உதவித்தொகை உண்டு. மாதச் சம்பளம் வேண்டுமென்றால் ஓபரா அரங்குகளின் கோரஸ் (கூட்டாகப் பாடும் குழு), அல்லது ஜெர்மன் பேசும் நாடுகளின் நிரந்தரக் குழுக்கள். 1985-இல் பிறந்த பிரெஞ்சு டெனர் பெஞ்சமின் பெர்னஹைம் சுவிட்சர்லாந்தின் ஜூரிக் ஓபராவின் அப்படிப்பட்ட குழுவில் இருந்து வளர்ந்தவர்தான்.

வகுப்பு தொடங்கும் முன் குரல் மருத்துவர் ஒருவரிடம் குரல்நாணைக் கேமராவில் பார்த்துப் பதிவை வாங்கி வையுங்கள். பின்னால் கரகரப்பு வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.