வெளிநாட்டுக் கடையில் எந்த மொழியில் பேசுவது? கேள்வி பதில்

கேள்வி: பாரிஸில் ஒரு கடையில் ஆங்கிலத்தில் விலை கேட்டேன். கடைக்காரர் முகம் கொடுத்தே பேசவில்லை. ஆங்கிலம் என்றாலே பிடிக்காதோ?

பதில்: வணக்கம் சொல்லாமல் நேராக விலை கேட்டதுதான் உறுத்தியிருக்கும். பிரான்ஸில் கடைக்குள் காலை வைத்ததும் 'போன்ஜூர்' சொல்லிவிட வேண்டும். பொழுது சாய்ந்தால் 'போன்சுவார்'. கடைக்காரர் வேறொருவருக்கு பில் போட்டுக்கொண்டிருந்தாலும் சரி, பொதுவாகச் சொல்லிவிட்டு நில்லுங்கள். உங்கள் முறை வந்ததும் இன்னொரு தடவை சொல்லி, 'பார்லே வூ ஆங்க்லே?' (ஆங்கிலம் பேசுவீர்களா?) என்று கேளுங்கள். உச்சரிப்பு சொதப்பினால் பரவாயில்லை. அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் தாராளமாகப் பேசலாம்.

கேள்வி: ஜப்பானில் கடைக்குள் நுழைந்தாலே 'இரஷ்ஷைமசே' என்கிறார்கள். நானும் அதையே திருப்பிச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம், அது கடைக்காரர் சொல்லும் வரவேற்பு. லேசாகத் தலையசைத்தால் போதும். ஊழியரைக் கூப்பிட 'சுமிமாசென்'.

கேள்வி: பிரெஞ்சு தெரிந்தால் பெல்ஜியம் முழுக்கச் சமாளிக்கலாமா?

பதில்: பிரஸ்ஸல்ஸில் சமாளிக்கலாம். ஆண்ட்வெர்ப், கெண்ட் பக்கம் டச்சு மொழி. அங்கே எடுத்த எடுப்பிலேயே பிரெஞ்சில் பேசினால் சிலருக்குச் சுருக்கென்று இருக்கும். மொழித் தகராறு அங்கே பழைய கதை. ஆங்கிலமே உத்தமம்.

கேள்வி: கனடாவின் மான்ட்ரியாலில் 'போன்ஜூர், ஹாய்' என்கிறார்களே, எதில் பதில் சொல்ல?

பதில்: உங்களுக்கு எது வசதியோ அதில். அதற்காகத்தான் இரண்டையும் சொல்கிறார்கள். ஆனால் இந்த இரட்டை வணக்கம் அங்கே பெரிய அரசியல். 'போன்ஜூர்' மட்டும் சொல்லுங்கள் என்று கடைக்காரர்களைக் கேட்டு 2017-ல் அந்த ஊர் இருக்கும், பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தின் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானமே போட்டது. அது வெறும் வேண்டுகோள். பிரெஞ்சில் சேவை பெறுவது வாடிக்கையாளரின் உரிமை என்பதோ அந்த மாகாணத்தின் 1977 மொழிச் சாசனம் என்ற சட்டத்திலேயே இருக்கிறது. அங்கே கடை வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க.

கேள்வி: வெளிநாட்டு ஹோட்டல் ஒன்றில் வரவேற்பில் இருக்கிறேன். விருந்தினர் உள்ளூர் மொழியில் தட்டுத்தடுமாறினால் நானே ஆங்கிலத்துக்கு மாறிவிடலாமா?

பதில்: உடனே மாறாதீர்கள். ஆசையாகக் கற்றுக்கொண்டு வந்திருப்பார். அதே மொழியில் மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். தொகை, நேரம், அறை எண் இவற்றை எழுதிக் காட்டுங்கள். அப்படியும் திணறினால், 'ஆங்கிலத்தில் சொல்லட்டுமா?' என்று கேட்டுவிட்டு மாறுங்கள். அப்புறம், முகத்தைப் பார்த்து மொழியை முடிவு செய்யாதீர்கள். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவரிடம் ஆங்கிலத்தில் ஆரம்பித்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

கேள்வி: சொல்வது புரியவில்லை என்றால் சத்தமாகச் சொல்லிப் பார்க்கலாமா?

பதில்: அவருக்குக் காது நன்றாகவே கேட்கிறது. வேறு வார்த்தையில் சொல்லிப் பாருங்கள்.